சிவப்பு விளக்கின் கீழ் வெள்ளைத் துணி

பொழுது சாய்ந்த பிறகு சிவப்பு நூலைத் தொடக்கூடாது என்பது ஜெசிந்தாவின் வகுப்பில் சட்டம். மைசூர் லஷ்கர் மொகல்லாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் தையல் டீச்சர். மழைக்காலச் சாயங்காலங்களில் வகுப்பறை மங்கத் தொடங்கும்போது, பெண்களின் மடியில் கிடக்கும் நூல்கண்டுகளைக் காட்டிச் சொல்வாள்.

"பாருங்க, நீலம் இன்னும் நிக்குது. பச்சையும் நிக்குது. சிவப்பு மட்டும் கறுத்துப் போச்சு. இப்ப ரோஜாப்பூ தைக்கறேன்னு ஒக்காந்தீங்கன்னா காலைல பாதி இதழ் கறுப்பு நூல்ல இருக்கும். எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அவள் சொன்னது சரிதான். மனிதக் கண்ணுக்குப் பகலில் ஒரு வேலை, மங்கலில் வேறு வேலை. மங்கலில் வேலை செய்யும் கண்ணுக்குச் சிவப்பு எட்டாது. ஜெசிந்தா அந்தக் காரணத்தைப் படித்தவள் இல்லை. தாய் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் தம்பியை வளர்த்து, அப்பாவுக்குச் சமைத்து, கல்யாணம் என்ற பேச்சே எழாமல் முப்பதைத் தாண்டியவள். மீதி நேரமெல்லாம் ஊசியும் நூலுமாக இருந்ததால் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அந்தத் தெருவில் புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்த வேண்டுமானால் அவளிடம்தான் வருவார்கள். டீச்சர் கண்ணு தப்பாது என்று பெயர்.

அப்பா பிரகாசம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி வால்டருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோவில், இருட்டறைக்குள் நின்று படம் கழுவும் வேலை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடித்தனம் இருக்கிற வளாகத்தில் அவர்கள் வீடு. உள்ளறைச் சுவரில் சேசுவின் திருஇருதயப் படம். பங்குச் சாமியாரை வரவழைத்து மந்திரித்து அதை மாட்டியபோது, அதன் விளக்கு இரவும் பகலும் அணையாது என்று பிரகாசம் நேர்ந்துகொண்டார். முதலில் சிவப்புக் கண்ணாடிக்குள் எண்ணெய்த் திரி. வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் வால்டர் தன் ஸ்டுடியோவில் கழித்துப்போட்ட ஒரு சிவப்பு பல்பைக் கொண்டுவந்து மாட்டினான். இருட்டறையில் போடுகிற பல்பு, அடர்த்தியான சிவப்பு. அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எண்ணெய் ஊற்ற மறந்துவிடுவோமோ என்ற பயம் இனி இல்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் வால்டருக்குத் தங்கவயலிலிருந்து மோலியைக் கட்டினார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் ஒற்றை அறையில் அவள் அம்மா தனியாக இருந்ததால் தலைப்பிரசவத்தையும் மைசூரிலேயே வைத்துக்கொண்டார்கள். மருத்துவச்சி ஒருத்தி வந்தாள். விளக்கு வைக்கிற வேளைக்குக் குழந்தை பிறந்தது. எல்லாம் சுகம் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பிள்ளைக்குக் கண் கூசும், தாய் தூங்கட்டும் என்று பெரிய விளக்கை அணைத்தார்கள். அப்புறம் படத்தின் சிவப்பு விளக்கு மட்டும்தான். அப்பா ஒரு பக்கம், ஜெசிந்தா ஒரு பக்கம் முழங்காலிட்டுச் செபமாலை சொன்னார்கள். வால்டர் வெளியறையில் படுத்திருந்தான்.

பிள்ளை பெற்றவளுக்கு ஆபத்து பிள்ளை பிறந்த பிறகுதான் ஆரம்பம். அந்த நேரத்தில் அவள் வயிற்றில் ஒரு கை இருக்க வேண்டும், கண் துணியில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் கைகள் செபமாலையில் இருந்தன. கண் துணியில்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. கஞ்சி போட்டு வெளுத்த விரிப்பு. ஜெசிந்தா இரவெல்லாம் அதைப் பார்த்தாள். அது வெள்ளையாகவே இருந்தது.

பொழுது விடிந்தபோது மோலியின் கை சில்லிட்டிருந்தது. ஜெசிந்தா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். விரிப்பு இடுப்பிலிருந்து கால்வரை சிவப்பாக இருந்தது.

குழந்தையும் வாரம் தாங்கவில்லை.

பிரகாசம் அன்று காலை முழங்காலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "நடு ராத்திரி பாத்தேன்மா. நற்கருணை அப்பம் மாதிரி வெள்ளையா இருந்துச்சு. உயிர் போனப்புறம்தான் ரத்தம் வந்திருக்கு. செத்தவளுக்கு ரத்தம் வருமா? இது ஆண்டவர் காட்டின அடையாளம்."

சாமியார், இதை வெளியே பேச வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பேசாமல் இருக்கிற ஊரா? துக்கம் கேட்க வந்த பெண்கள் ஜெசிந்தாவிடம்தான் கேட்டார்கள். "நீங்க பக்கத்துலயே இருந்தீங்கல்ல டீச்சர்?"

"இருந்தேன். வெள்ளையாத்தான் இருந்துச்சு. ரத்தம் வந்திருந்தா இருட்டுல கறுப்பாத் தெரிஞ்சிருக்கும். சிவப்பு எப்பிடிப் போகும்னு எனக்குத் தெரியாதா?"

அந்தச் சாட்சிதான் வேலை செய்தது. டீச்சரே சொல்லிவிட்டாள். அப்பா அந்த விரிப்பில் ஒரு துண்டை வெட்டிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் வர ஆரம்பித்தார்கள். கட்டில் காலைத் தொட்டு, மோலியிடம் சுகப்பிரசவம் கேட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து மொகல்லாவிலிருந்து கன்னடக்காரப் பெண்களும் பூவோடு வந்தார்கள்.

ஜெசிந்தா அந்த அறையில்தான் பாய் போட்டுப் படுத்தாள். வேறு அறை இல்லை. சில மாதங்களில் அது தொடங்கியது. சிவப்பு வெளிச்சம் எட்டாத மூலையில், கட்டிலின் தலைமாட்டில் வெளுப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் இல்லை. சுவரைப் பார்த்தால் ஓரக்கண்ணில் மறுபடி இருக்கும். கத்துகிற பெண் இல்லை அவள். எழுந்து போய்க் கையால் துழாவினாள், காற்றுதான். வந்து படுத்தாள், உட்கார்ந்திருந்தது.

ஒரு காலை வால்டரிடம் சொன்னாள். அவன் காபியை வைத்துவிட்டு யோசித்தான்.

"இருட்டறைலயும் அப்பிடித்தான் அக்கா. மங்கலா இருக்கறத நேராப் பாத்தா காணாமப் போயிரும். கொஞ்சம் தள்ளிப் பாத்தாத் தெரியும். கண்ணோட சுபாவம் அது. பயப்பட ஒண்ணுமில்ல."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஜெசிந்தா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அப்படியானால் அது அங்கேயே இருக்கிறது. பார்க்கத் தெரியாதது தனக்குத்தான். அன்று முதல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அது முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நாலு வருஷம் கழித்து வால்டருக்கு மறுமணம் நடந்தது. பெண் விக்டோரியா, கௌதள்ளிப் பக்கம். சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவள். நாத்தனாரை அண்ணி என்று கூப்பிட்டாள். அவளும் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அவர்களுக்கும் வழக்கம். ஆனால் தாய்வீட்டாரே, மைசூரிலேயே ஆகட்டும், புண்ணியவதி காக்கிற அறை அல்லவா என்று சொல்லி அனுப்பினார்கள். விக்டோரியா தினமும் கட்டில் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"மோலியக்கா இருக்காங்க அண்ணி. எனக்கென்னங்க பயம்?"

அவளுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் வால்டர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனான். ஜெசிந்தா அதை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். முதலாளி, உள்ளேதான் இருக்கிறான், போங்கம்மா என்றார். அதுவரை அவள் இருட்டறைக்குள் போனதில்லை.

"கதவச் சட்டுனு மூடுக்கா. வெளிச்சம் பூந்தா எல்லாம் கெட்டுரும்."

மூடினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வீட்டில் எரிகிற அதே சிவப்பில் எல்லாம் மெல்ல மேலே வந்தன: தட்டுகள், கயிற்றில் தொங்கும் படங்கள், வால்டரின் முகம். அவன் முகத்தில் உதடு இல்லை. அவள் சாப்பாட்டை மேசையில் வைத்தாள். முடிந்திருந்த துணி வெறும் வெள்ளையாக இருந்தது. மூலையில் ஒரு சிலுவை மட்டும் கன்னங்கரேலென்று நின்றது.

வேறு துணியை எடுத்துவந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அவள் தைத்த துணிக்குச் சுற்றிலும் சிவப்பு நூலில் கொடி. மூலையில் நீல நூலில் சிலுவை. ஓரத்தைத் தடவினாள். தையல் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒவ்வொரு இலையும் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். வெள்ளை.

"டேய், கொடி எங்கடா?"

வால்டர் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லத் தெரிய வந்தார்கள். அவன் நிமிரவில்லை.

"சிவப்பு வெளக்குல சிவப்பு தெரியாதுக்கா. வெள்ளையோட வெள்ளையாப் போயிரும்."

"எப்பத்துலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"வேலைல சேந்த அன்னிக்கே. மொதலாளி கவர் மேல சிவப்பு மைல எழுதிக் குடுத்தாரு. உள்ள வந்து பாத்தா வெறுங்காயிதம்."

"நான் அதக் கேக்கல."

தட்டு ஆடுவது நின்றது.

"நீ ஜன்னலத் தொறந்தீல்ல, அப்ப," என்றான்.

"எங்கிட்டச் சொல்லல நீ."

"வெளக்கு நான் கொண்டாந்தது. பக்கத்துல ஒக்காந்திருந்தது நீ. நான் உள்ள வரதுக்குள்ள அப்பா மண்டி போட்டு ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தாரு. யார்கிட்டப் போய் என்னன்னு சொல்லுவேன்?" தட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் கறுத்துப் பாழாகிக்கொண்டிருந்தார்கள். "பல்ப மாத்தறேன்னு ரெண்டு தடவ கேட்டேன். கைய வச்சீன்னா இந்த வீட்டுல எனக்குச் சோறு வேண்டாம்னுட்டாரு."

ஜெசிந்தா துணியை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் வெயிலில் கொடி முழுவதும் திரும்பி வந்திருந்தது. நடு ரோட்டில் நின்று அதையே பார்த்தாள். ஜட்காக்காரன் ஒருவன் கன்னடத்தில் திட்டிவிட்டுப் போனான்.

மங்கலில் சிவப்பு கறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறிவுதான் அவளைக் கவிழ்த்தது. சிவப்பு விளக்கு மங்கல் அல்ல, அது வேறு சங்கதி. ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருந்தால் விரிப்பைத் தொட்டாவது பார்த்திருப்பாள்.

அன்று மாலையே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அன்னிக்கு நாம பாத்தது தப்பா இருக்கும்னு தோணுது."

"ரெண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி தப்பாயிருக்குமா?"

"வெளக்கு ஒண்ணுதானப்பா."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வயிறு இறங்கிய ஒரு பெண், கையில் மல்லிகை. பிரகாசம் அவசரமாக எழுந்து, வாம்மா, உள்ளே வா என்றார். ஜெசிந்தா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஆனால் ஒரு காரியம் செய்தாள். நகரசபை நர்ஸ் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போய், பிரசவம் முடிந்தாலும் விடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

"எதுக்கு? சும்னெ பயப்படறீங்க டீச்சர்," என்றாள் பஞ்சவர்ணம்.

"பயமாத்தான் இருக்கு. வந்துருங்க."

விக்டோரியாவுக்கு இரவுதான் வலி கண்டது. பெரிய விளக்கின் வெளிச்சத்தில் நல்லபடியாகவே ஆயிற்று. ஆண் குழந்தை. பஞ்சவர்ணம் கழுவித் துடைத்து, புது விரிப்புப் போட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, ஆயித்து, நான் கொஞ்சம் தலை சாய்க்கிறேன் என்று வெளியறைக்குப் போனாள்.

"லைட்ட அணைச்சுருங்க அண்ணி, கண்ணு கூசுது," என்றாள் விக்டோரியா. "மோலியக்கா வெளக்கு போதுங்க."

பிரகாசம் சுவிட்சை அணைத்தார். அறை சிவந்தது. அவர் செபமாலையைத் தொடங்கினார். பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க. ஜெசிந்தா பதில் சொன்னாள். அவள் கண் விரிப்பில். விரிப்பு வெள்ளை. அந்த வெள்ளைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஓரக்கண்ணில், தலைமாட்டில், வெளுப்பாக அது இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று விரிப்பைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தால் அது தெரிந்தது.

எழுந்து போய் விளக்கைப் போட்டாள். எல்லோரும் கண்ணை இடுக்கினார்கள். விரிப்பு வெள்ளை. உண்மையாகவே வெள்ளை.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

"அண்ணி எனக்கு மேல பயந்துக்கறாங்க மாமா," என்று விக்டோரியா சிரித்தாள்.

அணைத்தார்கள். மறுபடி முழங்கால். இரண்டாம் தடவை எழுந்திருப்பது முதல் தடவையைப் போல் அல்ல. இப்போது எழுந்தால், நான் நம்பவில்லை, அன்று நான் சொன்ன சாட்சி பொய் என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொல்வதாகும். செபமாலையில் இன்னொரு பத்து மணி உருட்டட்டும், அப்புறம் போடலாம் என்று உட்கார்ந்திருந்தாள். விக்டோரியா கொட்டாவி விட்டாள். உடனே இன்னொன்று விட்டாள். மூன்றாவது கொட்டாவி பாதியில் நின்று மூச்சாக மாறியது.

ஜெசிந்தா கையை விரிப்பில் வைத்தாள். கதகதப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமான கை.

சுவிட்சைத் தட்டினாள். கை, முழங்கைவரை வழிந்து சிவப்பாக இருந்தது. விரிப்பில் அது பரவிக்கொண்டே இருந்தது.

"நர்ஸம்மா," என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

பஞ்சவர்ணம் ஓடிவந்தாள். முஷ்டியை வயிற்றில் வைத்துக் கருப்பையைப் பிடித்துத் தேய்த்தாள். "செங்கல் கொண்டாங்க, கட்டில் கால்மாட்டத் தூக்கணும். என் பெட்டியக் குடுங்க. ஊசி." வால்டர் முற்றத்துக்கு ஓடினான். ஜெசிந்தா பெட்டியைத் திறந்து நீட்டினாள். பிரகாசம் மட்டும் சுவிட்சின் பக்கத்தில் நின்றார். முப்பது வருஷம் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். கையை நீட்டி அணைத்தார்.

விரிப்பு வெள்ளையாயிற்று.

"யாரய்யா அது? லைட்டப் போடுய்யா. மனுஷனா நீ?" என்று பஞ்சவர்ணம் சீறினாள்.

போட்டார். சிவப்பு. பிறகு அவர் சுவிட்சைத் தொடவில்லை. சுவரோடு ஒட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரத்தம் நின்றது. விக்டோரியா பிழைத்தாள். எழுந்து நடமாட மாதம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று. ஈரலும் கீரையும் கேழ்வரகுமாகப் பஞ்சவர்ணம் சொன்னதையெல்லாம் ஜெசிந்தா சமைத்துக் கொடுத்தாள். அந்தப் பல்பை யார் கழற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பிரகாசம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். "எவ்வளவு நேரம்மா?"

மோலி எவ்வளவு நேரம் ரத்தம் போய்க் கிடந்தாள் என்று கேட்கிறார், அவளுக்குத் தெரிந்தது. "நாம ராத்திரி செபத்த முடிச்சுட்டு எந்திரிச்சப்பக்கூட அவ கை சூடாத்தான் இருந்துச்சுப்பா. நான் தோள்ல துண்டப் போத்தி விட்டேன்."

அவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கையை உதறிவிட்டு எழுந்தார். மறுநாள் சட்டைப்பையில் செபமாலையைப் போட்டுக்கொண்டு தங்கவயலுக்குப் புறப்பட்டார். மோலியின் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் தனியாகப் போக வேண்டாம் என்று ஜெசிந்தாவும் கூடப் போனாள். ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மோலியின் அம்மா இருதயமேரிக்கு அப்போது கண்பார்வை குறைந்திருந்தது. லைன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வந்திருக்கிறார் என்றதும் முறத்தை வைத்துவிட்டுக் குரல் வந்த பக்கம் திரும்பினாள். பிரகாசம் எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு, விரிப்பு, சுவிட்ச். ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் புனிதவதி ஆனாள் என்று ஐந்தாறு வருஷமாக அந்த லைன் முழுக்க அவளிடம் ஆசி வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் முடித்ததும் அவள், "டீச்சரு வந்திருக்கா?" என்றாள்.

"இங்கதான் இருக்கேன்மா."

"நீதான பக்கத்துல இருந்தே. எம்பொண்ணு கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அற்புதத்தைப் பற்றிக் கேட்டார்கள், விரிப்பைப் பற்றிக் கேட்டார்கள்.

"அக்கா, இருட்டாயிட்டே வருது, வெளக்கப் போடுங்கன்னா," என்றாள் ஜெசிந்தா. "வெளக்கு எரியுதும்மா, தூங்குன்னு சொன்னேன்."

இருதயமேரி கையை நீட்டித் துழாவினாள். ஜெசிந்தா தன் கையைக் கொடுத்தாள். கிழவி அதைத் தன் முகத்துக்கு அருகே கொண்டுபோய், வெயிலில் திருப்பித் திருப்பி, நெடுநேரம் பார்த்தாள்.